மரச்சூட்டு ஓவியம்: மும்பை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

செம்பூரில் ஒரு சிறிய அறையில் மரப்பலகைகளில் சூட்டுக்கோலால் பெயர்ப்பலகைகள், உருவப்படங்கள், கோலங்கள் செய்து தருகிறேன். மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி, வாஷி என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடங்களிலிருந்து பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தாம் வருகின்றன. ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கும், வாங்கி மாட்டியவர்களுக்கும், தானே செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

இதில் வண்ணம் எதுவும் பூசுகிறீர்களா?

இல்லை. நீங்கள் பார்க்கும் பழுப்பு, கருப்பு எல்லாம் மரத்தின் நிறம்தான். சூடு பட்டதும் மரத்தின் உடலை ஆக்கியிருக்கும் பொருள்களில் ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதைகிறது. சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த மாற்றம் தொடங்கி மரம் பழுக்க ஆரம்பிக்கிறது. செல்லுலோஸ் சிதைவதற்கு 300 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கு மேல் போனால் கரிதான்.

கருக்குவதற்குத் திறமை தேவையில்லை. தேன் நிறம், வைக்கோல் நிறம், தேநீர் நிறம் ஆகிய இளம்பழுப்புகளை மேடு பள்ளமில்லாமல் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு ஊற்றிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு பரவ மறுக்கிறது அல்லவா, சூடு மிஞ்சிய முனையும் தொட்ட இடத்திலேயே கரும்புள்ளியாக நின்றுவிடும். சூட்டைக் குறைத்து, கையை மெதுவாக நகர்த்தி, ஒரே இடத்தின் மேல் பலமுறை போய் வந்தால்தான் இளம்பழுப்பு வரும். கன்னத்தின் நிழல், மூக்கின் பக்கவாட்டு, பட்டுப்புடவையின் மடிப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வெயில் பட்டால் முதலில் மறைவதும் அதுதான். கீழே மரம், பூச்சு, சுவர் என்று நான் பிடிவாதம் பிடிக்கும் இடங்களிலெல்லாம் இந்த இளம்பழுப்பைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

மேல்நாட்டிலிருந்து வந்த கலையா?

மின்சாரப் பேனா அங்கிருந்து வந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோலமிடுவது நம் நாட்டில் பழையது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மூங்கில் குழல்களிலும் காய்ந்த சுரைக்குடுவைகளிலும் சூடான இரும்பால் கோடுகளும் முக்கோணங்களும் இழைப்பார்கள். புல்லாங்குழலுக்குத் துளையிடுவதும் காய்ச்சிய கம்பியால்தானே.

லேசரில் பாதி விலைக்குச் செய்து தருகிறார்களே?

தருகிறார்கள். நூறு பேருக்கு ஒரே மாதிரி திருமணப் பரிசு வேண்டுமென்றால் லேசரிடமே போங்கள். நானே கடை சொல்கிறேன். ஆனால் லேசர் வேலையைக் கைவேலை என்று விற்பவர்களும் உண்டு, அதனால் அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் பகுதிகளில் ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகளோ புள்ளிகளோ வரிசையாகத் தெரிந்தால் அது எந்திரம். கையால் செய்ததில் கோட்டின் தொடக்கத்தில் ஒரு கடுகளவு அழுத்தம் இருக்கும், வளைவில் கோடு மெலியும், இளம்பழுப்பு விளிம்பில்லாமல் மரத்தோடு கரையும். ஒரே உருவம் இரண்டு பலகைகளில் இருந்தால் இரண்டுக்கும் முகபாவம் கொஞ்சமாவது மாறியிருக்கும்.

எந்த மரத்தில் செய்கிறீர்கள்? தேக்கில் செய்து தருவீர்களா?

வெளிறிய நிறம், நெருக்கமான இழை, எண்ணெயோ பிசினோ இல்லாத உடல். இந்த மூன்றும் எனக்கு வேண்டும். மரத்தின் வெற்று நிறம்தான் ஓவியத்தின் வெள்ளை. அதைவிட வெளுப்பாக எதையும் சூட்டால் கொண்டுவர முடியாது. அடிமரமே பழுப்பாக இருந்தால் இளம்பழுப்புக்கு இடமில்லாமல் போய்விடும்.

நான் அதிகம் பயன்படுத்துவது குமிழ மரம். ரே ரோடு பக்கம் தாருகானா மரக்கடைகளில் கேட்கும்போது சிவண் என்று கேட்க வேண்டும், மராத்தியில் அதுதான் பெயர். கடம்பும் நன்றாக வேலை செய்யும். வெட்பாலை மரம் தந்தம் போன்ற வெளுப்பு. சன்னபட்டணத்துப் பொம்மைகள் அதில் செய்யப்பட்டவைதான். ஆனால் அகலமான பலகையாகக் கிடைப்பது அரிது. முகங்களுக்குப் பெரிய பரப்பு வேண்டுமென்றால் இறக்குமதி செய்த பிர்ச் பிளைவுட் நல்லது, மேலே இருக்கும் மெல்லிய மரத்தாளைத் தாண்டி உள்ளே பசை வரை சுடாமல் இருந்தால்.

பைன் மலிவு, எங்கும் கிடைக்கும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அதனால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். பைனில் ஒரு வளையம் பஞ்சு போலவும் அடுத்த வளையம் கொம்பு போலவும் இருக்கும். மென்மையான இடத்தில் முனை ஆழமாக இறங்கும், கடினமான இடத்தில் வழுக்கும். நேராக இழுத்த கோடு படிக்கட்டு ஏறியது போல் வரும். கணுக்களிலிருந்து பிசின் வேறு கசியும். குற்றம் கையில் இல்லை, பலகையில்.

தேக்கில் பெயர் எழுதலாம், கோலம் போடலாம், நிழலுருவம் வரையலாம். முகம் மட்டும் கேட்காதீர்கள். ஈட்டி மரம், சீஷம் இரண்டும் கருமையானவை, தூளும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். அவற்றில் நான் செய்வதில்லை.

எங்கள் வீட்டு மரத்தையே கொண்டு வந்து தரலாமா?

ஊரில் தாத்தா படுத்த கட்டிலின் பலகை, இடிக்கப்போகும் சால் (வரிசை அறைக் குடியிருப்பு) வீட்டின் கதவு என்று கொண்டுவருகிறார்கள். மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பழைய பாலிஷும் பெயிண்டும் போகும்வரை இழைப்புளி போட்டுத்தான் தொடங்குவேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; அதன் மேல் சூடு வைப்பதற்கில்லை. இழைத்தபின் கட்டில் கட்டில் போலத் தெரியவில்லை என்று வருத்தப்படக்கூடாது.

துறைமுகத்திலிருந்து வரும் சரக்குச் சட்டங்களின் பலகை என்றால் அதில் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், பரவாயில்லை. எம்பி (MB) என்று இருந்தால் மீதைல் புரோமைடு வாயுவில் வைத்தது, வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலும் வேண்டாம்.

எம்டிஎஃப், சன்மைக்கா ஒட்டியது, பூச்சி மருந்து ஏற்றிய பச்சை நிறக் கட்டைகள் ஆகியவற்றை எடுத்துவர வேண்டாம். எம்டிஎஃப்பைச் சுட்டால் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும்.

வெர்சோவா கரையில் ஒதுங்கிய கட்டையில் படகு வரைந்து தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அழகான யோசனைதான். உப்பு ஊறிய மரத்தைச் சுடும்போது எழும் புகை நச்சுத்தன்மை உடையது. கழிமுகத்துச் சதுப்புக் காட்டுக் கட்டை என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிதம்பரத்தின் தலமரமான தில்லை மும்பைக் கழிமுகங்களிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணைக் குருடாக்கக்கூடியது, புகையும் கண்ணைத் தாக்கும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட அரளிக் கட்டையும் அப்படித்தான், அதன் புகையே விஷம். பெயர் தெரியாத மரத்தைச் சுடுவதில்லை என்பது என் விதி.

மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டு, பட்டையோடு?

பார்க்க அழகு, வெடிப்பதும் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலரும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் ஓரிடத்தில் முக்கோணமாகப் பிளந்துகொள்ளும். முகம் வரைவதாக இருந்தால் முன்பே வெடித்து ஓய்ந்த துண்டைத் தேர்ந்தெடுத்து, வெடிப்பை ஓவியத்தின் ஓரத்துக்குத் தள்ளி அமைப்பேன்.

தமிழ் எழுத்துகளில் பெயர்ப்பலகை செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் எழுத்துப்பிழை. சுப்பிரமணியனா, சுப்ரமணியனா? மீனாட்சியா, மீனாக்ஷியா? வீட்டில் இருவர் இரண்டு விதமாக எழுதுவார்கள். கைப்பேசியில் அவசரமாகத் தட்டி அனுப்பியதை நம்பி நான் சூட்டுக்கோலை எடுப்பதில்லை. முழு அளவில் தாளில் எழுதி அனுப்புவேன். வீட்டின் பெரியவர் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகுதான் தொடங்குவேன். இளம்பழுப்பாக இருக்கும் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுக்கலாம், கருத்த கோட்டை எடுக்க முடியாது.

அடுத்தது எழுத்தின் அளவு. ழகரத்துக்கும் நெருப்புக்கும் நல்ல ஒத்துழைப்பு. ணகரம்தான் தொல்லை. மூன்று சுழிகள் நெருக்கமாக நிற்பதால், எழுத்து சிறியதாக இருந்தால் நடுவிலுள்ள வெற்றிடம் சூட்டில் பழுத்து அடைத்துக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்தால் கரிக்கட்டை. ஆகவே கண்ணன், அருணாசலம், கிருஷ்ணவேணி என்ற பெயர்க்காரர்களிடம் கொஞ்சம் பெரிய பலகைக்குச் சம்மதிக்கும்படி கேட்கிறேன். அதை விற்பனைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் ஏடு கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. முனையை மரத்தில் வைத்து நிறுத்தினால் சூடு நாலாபுறமும் பரவிப் புள்ளி வீங்கும். அதனால் புள்ளிகளை எல்லாம் கடைசியில், தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து வைப்பேன். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் அப்படி மூன்று இடம் வரும்.

இழையின் போக்கில் போகும்போது கோடு வழுக்கிக்கொண்டு ஓடும், குறுக்கே போகும்போது தடுக்கும். நம் எழுத்துகள் வளைந்து வளைந்து இரண்டையும் மாறி மாறிச் சந்திக்கின்றன. அதற்காகக் கையைத் திருப்பாமல் பலகையைத் திருப்ப வேண்டும். முனையை எப்போதும் தன்னை நோக்கி இழுக்க வேண்டும், தள்ளக்கூடாது. தமிழோடு தேவநாகரியும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு மேற்கோடு இழையோடு ஒத்துப்போகும்படி பலகையை அமைப்பேன்.

கடைக்குத் தமிழில் மட்டும் பெயர்ப்பலகை செய்யலாமா?

வீட்டுக்கு உங்கள் விருப்பம். கடைக்கு முடியாது. மகாராஷ்டிரத்தில் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பின், எத்தனை பணியாளர்கள் இருந்தாலும், கடைகளும் நிறுவனங்களும் பெயர்ப்பலகையில் தேவநாகரி எழுத்தில் மராத்தியைக் காட்ட வேண்டும். மற்ற மொழி எழுத்துகள் அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. மெஸ்ஸோ, மாவுக்கடையோ நடத்துபவர்கள் இதை முன்பே சொன்னால் இரண்டுக்கும் இடம் விட்டு வடிவமைப்பேன். தெருவைப் பார்த்த பலகைக்குச் சூட்டு ஓவியத்தையே நான் பரிந்துரைப்பதில்லை. மழையும் வெயிலும் நேராக அடிக்கும் இடத்தில் எழுத்து வெளுத்துவிடும். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள்.

உருவப்படத்துக்கு எப்படிப்பட்ட புகைப்படம் தர வேண்டும்?

ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படம். ஃபிளாஷ் போட்டு எடுத்த திருமணப் படங்களில் முகம் தட்டையாக இருக்கும், நிழலே இருக்காது. நிழல் இல்லாத இடத்தில் எனக்கு வேலையும் இல்லை. அழகூட்டும் செயலியில் மழமழப்பாக்கிய படத்தை அனுப்பவே வேண்டாம். மறைந்த பெரியவர்களின் பழைய ஸ்டுடியோப் படங்கள், கீறல் விழுந்திருந்தாலும், பெரும்பாலும் அருமையாக இருக்கின்றன. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

எவ்வளவு நாளாகும்?

பெயர்ப்பலகை ஒரு வாரத்துக்குள். முகம் என்றால் வாரக்கணக்கில். ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாவற்றுக்கும் இன்னும் அதிகம், ஏனென்றால் பூச்சு உலராது. கொலுவுக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லிவிடுங்கள்.

விலை?

அளவை வைத்து அல்ல, நிழலை வைத்து. ஒரு முழப் பலகையில் சிக்குக்கோலம் போடுவதைவிட உள்ளங்கை அளவில் ஒரு பாட்டியின் முகம் அதிக நேரம் எடுக்கும்.

தோல் பையில் பெயர் சுட்டுத் தருவீர்களா?

தாவரச் சாறால் பதனிட்ட தோல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். இன்று சந்தையிலிருக்கும் தோலில் பெரும்பகுதி குரோமியத்தால் பதனிட்டது. அதைச் சுட்டால் குரோமியம் மிகவும் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும். தாராவிக் கடையில் பை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் யோசித்தால் அது குரோமியம்தான்.

கரண்டி, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றில் செய்யலாமா?

கைப்பிடியில் செய்யலாம், ஓரத்தில் செய்யலாம். கத்தி விழும் இடத்தில் ஓவியம் போடக் கேட்டால் மறுத்துவிடுகிறேன். சுட்ட கோடு வெறும் கரிதான், அதனால் தீங்கில்லை. மேலே போடும் பூச்சுதான் பார்க்க வேண்டியது. வார்னிஷ் வேண்டாம். மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின், வேறெதுவும் கலக்காதது, நல்லது. அதோடு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை தடவித் துடைக்க வேண்டும். கடலையெண்ணெய், நல்லெண்ணெய் தடவினால் சிக்கு வாடை வரும். கழுவலாம், ஊறவைக்கக்கூடாது.

நானே கற்றுக்கொள்ள விரும்புகிறேன். என்ன வாங்க வேண்டும்?

இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று சால்டரிங் இரும்பு போன்றது: கெட்டியான பித்தளை முனை, நேராக மின்சாரத்தில் சொருகுவது, காய்வதற்குச் சில நிமிடங்கள், ஆறுவதற்கு அதைவிட அதிக நேரம். லாமிங்டன் ரோட்டில் இந்த வகை மலிவாகக் கிடைக்கும். மற்றொன்று நிக்ரோம் கம்பி முனை: ஒரு சிறிய பெட்டி மின்னழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக் கம்பிக்குத் தருகிறது, திருகைத் திருப்பிய சில நொடிகளில் சூடு ஏறும், இறங்கும். இளம்பழுப்பு வேண்டுமென்றால் இரண்டாவதுதான். முதல் வகையில் பழகுவதானால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பலகையை 120, 180, 220, 320 என்று உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். உலர்ந்ததும் கடைசித் தாளால் மீண்டும் தேய்க்க வேண்டும். இதைத் தாண்டிப்போகிறவர்களின் இளம்பழுப்பு எப்போதும் திட்டுத்திட்டாகவே இருக்கும். படத்தைப் பிரதியெடுக்கக் கடையில் கிடைக்கும் நீலக் கார்பன் தாள் வேண்டாம், அதன் மெழுகு அழியாது. தாளின் பின்புறம் மென்மையான பென்சிலைத் தீட்டிக்கொண்டாலே போதும், ரப்பரில் அழியும்.

புகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். மரப்புகையில் நுண்துகளும் உண்டு, எரிச்சலூட்டும் வாயுக்களும் உண்டு. மின்விசிறி உங்கள் முகத்தை நோக்கி வீசக்கூடாது. முனையின் மேல் வீசினால் சூடும் குறையும். பலகைக்கு அப்பால் சிறிய விசிறி வைத்துப் புகையை ஜன்னல் பக்கம் இழுக்கச் செய்யுங்கள். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஒற்றை அறை வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பொழுதுபோக்கைத் தள்ளிப்போடுங்கள்.

கை சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

மின்னல் கிளை கிளையாகப் பிரிவது போல் மரத்தில் சுடுகிறார்களே, அதைக் கற்றுத்தருவீர்களா?

மாட்டேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்தெடுத்து, உப்போ சோடாவோ கரைத்த தண்ணீரில் நனைத்த பலகையில் சுமார் 2000 வோல்ட் பாய்ச்சும் வேலை அது. வீட்டு ஃபியூஸும், கசிவு கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்து மின்சாரத்தில் உங்களைக் காப்பாற்றாது. அனுபவமுள்ள மரவேலைக்காரர்களே இதில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடைசெய்திருக்கிறது. வீடியோவில் இரண்டு நிமிடம் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் செய்ய நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள்.

நவச்சாரக் கரைசலைத் தடவிச் சூடுகாட்டினால் எளிதில் வருமாமே?

வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவும் அதே நவச்சாரம்தான். கரைசல் பட்ட இடம் வெறும் இடத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கருக்கும், அச்சு வைத்து எழுத்து எழுத வசதி. ஆனால் கிடைப்பது ஒரே ஒரு கருப்பு, நிழல் வராது. எழும் புகை மூக்கையும் தொண்டையையும் அறுக்கும், மொட்டை மாடியில் மட்டும் செய்யுங்கள்.

மேலே என்ன பூசுகிறீர்கள்?

இடத்தைப் பொறுத்து. இதில்தான் வாடிக்கையாளர்களுக்கும் எனக்கும் அதிக வாக்குவாதம் நடக்கிறது. எல்லோருக்கும் பளபளப்பு வேண்டும். தச்சர்கள் பழக்கிவிட்ட மெலமைன் பாலிஷ் வேண்டும். பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலித்தால் நிழல்கள் தெரிவதில்லை. எண்ணெய்ப் பூச்சுகள் மரத்தையே ஒரு படி கருமையாக்கி, இளம்பழுப்புக்கும் வெற்று மரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கின்றன.

கூடத்திலும் படுக்கையறையிலும் மாட்டும் முகங்களுக்கு வெளுப்பாக்கிய அரக்குப் பாலிஷ் மெல்லியதாக, அதன் மேல் மெழுகு. பின்னாளில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு போய்விடும், ஓவியத்தைத் திருத்த முடியும் என்பதே அதன் பெரிய வசதி. குறை என்னவென்றால் தண்ணீர் பட்டால் வெள்ளை வளையம் விழும், மழைக்கால ஈரத்தில் பூசினால் பால் போல் மங்கும். வாசல் பெயர்ப்பலகைக்கு அது தாங்காது. அங்கே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானமுள்ள, தண்ணீர் கலந்து வரும் பாலியூரித்தேன் பூச்சு, பளபளப்பில்லாத வகை. சாதாரணத் தெளிவான வார்னிஷ் வெயிலைத் தடுக்கும் என்று நினைப்பது தவறு, கதிர் அதற்குள் புகுந்துபோகும்.

முதல் பூச்சுக்கு முன் தூரிகையால் உதிரிக் கரியைத் தட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கருத்த இடத்துக் கரி இளம்பழுப்பின் மேல் இழுபடும்.

ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து வெளியே எறியுங்கள்.

எங்கே மாட்டுவது?

நேர் வெயில் விழாத சுவரில். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டவே வேண்டாம். மாலை வெயில் தாழ்வாக உள்ளே வந்து அங்கேதான் விழும். வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வெற்று மரம் மஞ்சளாகிறது, இளம்பழுப்பு வெளுக்கிறது, இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன. முகத்தில் கண்ணும் முடியும் மட்டும் மிஞ்சும்.

குளியலறைக்கு முதுகைக் காட்டி நிற்கும் சுவர், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவர், அடுப்படி ஆகியவையும் வேண்டாம். ஏசிக்கு நேர் கீழேயும் மாட்டாதீர்கள், திடீர் உலர்ச்சியில் பலகை வளையும். மற்ற இடமெல்லாம் உங்களுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இதற்கெல்லாம் எங்கே சுவர் மிச்சமிருக்கிறது என்று ஒரு மாட்டுங்கா மாமி கேட்டார். நியாயம்தான். அப்போது உள்நடையின் சுவரைப் பாருங்கள், வெயிலே எட்டாது.

மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்ய?

பலகையின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டியே தருகிறேன். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும் என்பதற்காக. அதைப் பிய்த்துவிடாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போட நினைத்தால் கண்ணாடி பலகையைத் தொடாமல் இடைவெளி விட்டு, பின்புறம் மூச்சுவிட வழி வைத்துப் போடச் சொல்லுங்கள். முற்றிலும் அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் பூசணமாகும்.

பிடித்துவிட்டால் உலர்ந்த மென்தூரிகையால் வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் மின்விசிறிக் காற்று போதும். அலமாரியில் வைப்பதாக இருந்தால் பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். ஜூலையில் லேசாக வளைந்த பலகை நவம்பரில் பெரும்பாலும் நேராகிவிடும், ஆணி அடித்து நிமிர்த்த முயல வேண்டாம்.

பூஜையறையில் இருக்கிறது. குங்குமம், மஞ்சள், எண்ணெய் எல்லாம் படுகிறதே?

விளக்கின் புகைக்கரியை மட்டும் உலர்ந்த துணியால் அவ்வப்போது எடுத்துவிட்டால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவம், சோப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் மறையும் என்பது உண்மைதான். அதோடு சாமியின் முகமும் மறையும். பொட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், நெற்றியில் ஒரு சிறிய பித்தளைத் தகடு பதித்துத் தருகிறேன். பல வீடுகளில் இது பிடித்துப்போயிருக்கிறது.

பலகையில் ஊசித்துளைகள், கீழே மாவு போன்ற தூள்.

உளுக்கும் வண்டு. வெளிறுப் பகுதியுள்ள மரத்தில், மாமரம், ரப்பர் மரம் போன்றவற்றில் அதிகம் வரும். வைரம் பாய்ந்த பகுதியில் குறைவு. உடனே மற்ற மரச்சாமான்களிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் பிளாஸ்டிக் நல்லது.

பழைய ஓவியம் வெளுத்துவிட்டது. மீண்டும் சுட்டுத் தருவீர்களா?

மேலே என்ன பூசியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூச்சின் மேல் சூடு வைக்க முடியாது, அது எரிந்து நச்சுப்புகை விடும். அரக்கும் மெழுகும் என்றால் கரைத்து எடுத்துவிட்டு இளம்பழுப்பை மீண்டும் ஏற்றலாம். மெலமைன், பாலியூரித்தேன் என்றால் உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் மிச்சமிருக்கும் மெல்லிய நிழலும் போய்விடும், பாதிக்கு மேல் புதிதாக வரைவது போல் ஆகும். வேறொருவர் செய்த முகத்தை அப்படித் திரும்ப வரைய எனக்கு விருப்பமில்லை. செய்தவரிடமே முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?

இழைத்து, பூச்சுப் போட்ட பலகை பெரும்பாலான நாடுகளுக்குச் சிக்கலில்லாமல் போகும். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் பட்டையோடு இருக்கும் துண்டு எதையும் நான் அனுப்புவதில்லை, அங்கே பட்டையும் பூச்சித்துளையும் இருந்தால் நுழைய விடமாட்டார்கள். ஈட்டி மர வகைகள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, அனுப்பக் காகிதங்கள் தேவைப்படலாம்.

ரயிலில் சென்னைக்கு எடுத்துப்போகிறோம். எப்படிக் கட்டுவது?

முதலில் பழைய வேட்டித் துணி, அதன் மேல் அட்டை, அதற்கும் மேல்தான் குமிழ் வைத்த பிளாஸ்டிக். புதிதாகப் பூசிய பலகையின் மேல் குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாக அச்சு விழுந்துவிடும். இருக்கைக்கு அடியில் படுக்கவைக்காமல் மேல் தட்டில் வையுங்கள். ஊர் சேர்ந்ததும் உடனே பிரித்துவிடுங்கள்.